சிவசாமியும் மனு எழுதிய அண்ணனும்

'அசுரன்' வெளியானது 2019 அக்டோபர் 4. இத்தனை வருஷம் கழித்து அதைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று கேட்டால் நியாயமான கேள்விதான். படம் வந்தபோதே நல்லதும் கெட்டதுமாக நிறைய எழுதிவிட்டார்கள். படம் நல்லாயிருக்கா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. நல்ல படம்தான், நான் மூணு தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயசு மனிதரைத் திரும்பிப் பார்க்கிறோமே, அப்போது நமக்கு என்ன தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்பதுதான் விஷயம்.

என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். நாற்பது தாண்டிவிட்டோம். பழைய மாமல்லபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. அப்பாக்கள் பட்ட பாடு பற்றி பொத்தாம்பொதுவாகத் தெரியும், "கஷ்டப்பட்டாங்க" என்ற அளவில். அதற்கு மேல் அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது கதைகளும் படங்களும்தான். ஒரு சிவசாமி வந்து திரையில் நின்றதும் "ஓ, எங்க அப்பாவும் இப்படித்தான் இருந்திருப்பார்" என்று ஒரு பிடி கிடைக்கிறது. அந்தப் பிடி எவ்வளவு தூரம் தாங்கும் என்று கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம்.

நாவலில் இல்லாதது

படத்தின் மூலம் பூமணியின் 'வெக்கை', 1982-இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்ற வடக்கூரானை, 15 வயசுப் பையன் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். அவனும் அய்யாவும் சில நாட்கள் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிந்து, கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். கொலை முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும். மீதிப் பக்கங்கள் முழுக்க அப்பனும் மகனும் நடப்பது, சமைப்பது, தூங்குவது, பேசுவது. பையன் தன் அய்யாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்வது பெரிய வாக்குமூலங்களால் நடப்பதில்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், யாரை நம்பலாம் என்று அய்யாவுக்குத் தெரிந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

நாவலில் சாதிப் பெயர் வெளிப்படையாக வராது. பஞ்சமி நிலம் என்ற பேச்சும் கிடையாது. வெற்றிமாறன் படமாக்கும்போது அந்த இரண்டையும் வெளிப்படையாகப் பேசினார். அதற்காக அப்பாவுக்கு ஒரு முன்கதை தனியாக எழுதப்பட்டது. இளம் சிவசாமி, மாரியம்மாள், செருப்புப் போட்டதற்காக அவளுக்கு நடக்கும் அவமானம், பஞ்சமி நிலத்தை மீட்கும் முயற்சி, எரிக்கப்படும் குடிசைகள் எல்லாம் படத்துக்காக வந்தவை. எரியும் குடிசைகளைப் பார்க்கும்போது 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, 44 பேர் என்று ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் வெண்மணியில் தகராறு கூலி நெல் பற்றியது. இடம் கீழத் தஞ்சை. பஞ்சமி நிலம் வேறு வரலாறு. படம் இரண்டையும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கொண்டுபோய்ச் சேர்த்துக் கட்டுகிறது.

புனைவுக்கு அந்த உரிமை உண்டு. மூணு ஊரில் நடந்ததை ஒரு ஊரில் நடந்ததாகச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்குகிற இடம் நம்ம மாவட்டம். ஆகவே படத்தை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றை இங்கிருந்து ஒருமுறை பார்ப்பது அவசியம்.

நம்ம மாவட்டத்துக் கதை

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1891-இல் செங்கல்பட்டு ஜில்லாவின் தற்காலிகக் கலெக்டராக இருந்தவர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி அவர் அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அதில் இரக்கப் பேச்சு இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நிலம் இல்லாதவனுக்கு நிலம் ஏன் கிடைப்பதில்லை என்பதை நடைமுறையை வைத்தே அவர் விளக்குகிறார்.

அப்போது செங்கல்பட்டில் மிராசி முறை. ஊர்த் தரிசு நிலத்தைப் பயிர் செய்ய யார் வேண்டுமானாலும் தரக்காஸ்து (நிலம் கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்) போடலாம் என்பது பேச்சு. ஆனால் ஒரு பண்ணையாள் தரக்காஸ்து போட்டால், அந்த நிலத்தின் மீது முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் "எனக்கு வேணும்" என்று சொன்னால் போதும், விண்ணப்பம் விழுந்துவிடும். அவர் அதைப் பயிர் செய்வாரா என்பது அடுத்த கதை. சேரியில் குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாருடையது. ஆக நிலம் கேட்டு மனு போட்டவனை வீட்டை விட்டும் கிளப்பலாம். நிலம் கொடுக்க வேண்டும், குடியிருக்கும் மனையில் உரிமை வேண்டும், படிப்பு வேண்டும் என்றது அந்தக் குறிப்பு. மாவட்டத்தில் வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் அதே காலத்தில் இதே பிரச்னையைத் தொடர்ந்து எழுப்பினார்கள்.

திரமென்ஹீர் சொன்னது அப்படியே ஏற்கப்படவில்லை. ஆனால் அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு. முதல் 10 வருஷத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன்பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம், வேறு யாருக்கு விற்றாலும் செல்லாது என்பது நிபந்தனைகளின் சாரம். மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ரெவின்யூ பதிவேட்டில் டி.சி. நிலம், மக்கள் வாயில் பஞ்சமி நிலம்.

கவனியுங்கள், ஆரம்பத்திலிருந்தே இது காகிதத்தில் நடந்த சண்டை. ஒருவன் தரக்காஸ்து போடுகிறான், அது தள்ளுபடி ஆகிறது, மறுபடியும் போடுகிறான். அந்தத் தள்ளுபடிகள் குவிந்து குவிந்துதான் ஒரு கலெக்டர் குறிப்பு எழுதும் அளவுக்கு விஷயம் வளர்ந்தது. அந்த விண்ணப்பங்களைப் போட்டவர்களின் பெயர் நம் யாருக்கும் தெரியாது.

இன்னொரு செங்கல்பட்டுக்காரரையும் சொல்ல வேண்டும். இரட்டைமலை சீனிவாசன், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் மேல்சாதியினரே அதிகாரிகளாக வந்து உட்காருவார்கள் என்று எதிர்த்து, 1893-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். 3,412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம். அந்தக் கோரிக்கை சரியா தப்பா என்று இன்று விவாதிக்கலாம். எழுத்து எளிதில் கிடைக்காத மக்களிடம் 3,412 கையெழுத்து வாங்குவதற்கு எத்தனை சேரிகளுக்கு, எத்தனை தெருக்களுக்கு நடந்திருக்க வேண்டும் என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதே கதையின் இன்னொரு முனை 1994 அக்டோபர் 10. மாமல்லபுரம் பக்கத்தில் காரணை என்ற ஊர். அங்கே பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு அக்டோபர் 10-ம் அவர்களுக்கு நினைவஞ்சலி நடக்கிறது. 'அசுரன்' வெளியானது அந்தச் சம்பவத்தின் 25-ஆவது வருஷ நினைவு நாளுக்கு ஆறு நாள் முன்னால். படம் பார்த்துவிட்டு "பஞ்சமி நிலம்னா என்ன?" என்று கூகுளில் தேடிய என் ஆபீஸ் நண்பர்களில் பலர் தினமும் வண்டி ஓட்டிப் போவது காரணையிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

படத்தில் அந்த அண்ணன்

இப்போது படத்துக்குத் திரும்புவோம். முன்கதையில் பஞ்சமி நிலத்தை மீட்க ஜனங்களைத் திரட்டுவது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? சிவசாமி இல்லை. அவனுடைய அண்ணன். கூட நிற்பவர் வக்கீல் வேணுகோபால் சேஷாத்ரி, பிரகாஷ்ராஜ் நடித்த பாத்திரம். இளம் சிவசாமிக்கு அந்த வேலையில் பெரிய நாட்டம் கிடையாது. அவன் முதலாளிக்குச் சாராயம் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு, அவருக்கு விசுவாசமாக இருப்பவன். அவமானம் தன் வீட்டுப் பெண்ணைத் தொட்ட பிறகுதான் அவன் மாறுகிறான்.

இது எழுத்தில் நல்ல யோசனை. போராட்டத்துக்குள் எல்லாரும் ஒரே வாசல் வழியாக வருவதில்லை என்று காட்டுகிறது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? குடிசைகள் எரிகின்றன, சிவசாமி குடும்பத்தையே இழக்கிறான், ஆயுதம் எடுக்கிறான். அந்த இடத்திலிருந்து நில மனு கதையை விட்டு நழுவிவிடுகிறது. நிலம் என்ன ஆச்சு, வழக்கு என்ன ஆச்சு என்பதைவிடப் பழி என்ன ஆச்சு என்பது முக்கியமாகிவிடுகிறது. படம் முடிந்து வெளியே வரும் நமக்கு ஞாபகத்தில் நிற்பவன் சிவசாமி. அந்த அண்ணனின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்?

இதே பிரச்னை படத்தின் நிகழ்காலப் பகுதியிலும் இருக்கிறது. மூத்த மகனை போலீஸிலிருந்து மீட்பதற்காக சிவசாமி ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார். என் கணக்கில் மொத்தப் படத்திலும் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் காட்சி அதுதான். அந்தத் தலைமுறை எதையெல்லாம் விழுங்கிக்கொண்டு பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தது என்பது அதில் இருக்கிறது. தனுஷ் அதை அழுகையாக்காமல், ஒரு வேலையைச் செய்து முடிப்பதுபோல நடித்திருப்பார்.

ஆனால் இளைய மகன் சிதம்பரத்துக்கு அய்யா ஒரு கோழை. அவன் பார்வை எப்போது மாறுகிறது? இடைவேளைச் சண்டையில், அய்யா பாய்ந்து வந்து ஆட்களை அடித்துப் போடும்போது. பையன் வாயைப் பிளந்து பார்க்கிறான், தியேட்டரும் விசிலடிக்கிறது. அதன்பிறகுதான் முன்கதை. மகனின் மரியாதையை அப்பா சம்பாதிப்பது கால்களில் விழுந்ததால் இல்லை, ஆயுதம் எடுத்ததால். "அடடே, எங்க அய்யாவும் ஒரு காலத்தில் வெட்டியவர்தானா" என்று தெரிந்த பிறகே முன்பு காலில் விழுந்ததற்கு அவன் மனசில் ஒரு மதிப்பு வருகிறது.

எனக்கு இடறுவது இங்கேதான். வெட்டிய முன்கதை இல்லாத அப்பாக்கள் என்ன செய்வார்கள்?

நியாயமாகச் சொன்னால், படம் கடைசியில் அந்த விசிலோடு நிற்பதில்லை. சிவசாமி பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு மகனைக் காப்பாற்றுகிறார். நிலத்தையும் பணத்தையும் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்ற அர்த்தத்தில் மகனிடம் பேசிவிட்டுப் போகிறார். திரமென்ஹீரின் குறிப்பில் நிலத்தோடு சேர்த்துப் படிப்பும் கேட்கப்பட்டிருந்தது என்பது நினைவுக்கு வரும் இடம். ஆனாலும் ஒரு நெருடல். "பிடுங்கிக்கொள்வான்" என்று நிலத்தைக் கையைக் கழுவிவிட்டுப் படிக்கப் போகச் சொல்கிற மாதிரியும் அதைக் கேட்க முடிகிறது. படித்துவிட்டு வந்து அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அண்ணன் கையில் இருந்த காகிதத்தை எடுக்க ஆள் இல்லை.

துணிப்பை

2020 ஊரடங்கு சமயத்தில் என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் இருந்தான். இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம். டிவியில் 'அசுரன்' போட்டபோது அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். அப்பாவுக்குப் படம் பிடித்திருந்ததா என்று தெரியவில்லை, நடுவில் இரண்டு தடவை எழுந்து போய் வந்தார். படம் முடிந்ததும் பையன் ஆரம்பித்தான்.

"தாத்தா, நம்ம நிலமும் இப்படித்தான் போச்சுன்னு சொல்லுவீங்களே. நீங்க என்ன பண்ணீங்க?"

"மனு குடுத்தேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதானாவா? நீ ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்."

பையன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "சித்தப்பா, தாத்தா காமெடி பண்றார்" என்றான். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய் பீரோ மேலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தார்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் திருப்போரூருக்கு மேற்கே. தாத்தாவுக்கு நிபந்தனைப் பட்டாவில் கிடைத்த நிலம் ஒன்று இருந்தது. 1950-களில் ஏதோ ஒரு கடனுக்காகக் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கிரயம் செல்லாது என்பது அப்பாவுக்கு ரொம்ப நாள் கழித்து யாரோ சொல்லித் தெரிந்தது. அப்பா கொத்தனார், ஐந்தாவது வரை படித்தவர்.

பையில் 31 மனுக்களின் நகல் இருந்தது. முதல் மனு 1974, கடைசி மனு 1998. கார்பன் நகல்கள், சில டைப் அடித்தவை, பிற்காலத்தவை ஜெராக்ஸ். தபாலில் போனவற்றுக்கு ஒப்புகை அட்டைகள் நூல் போட்டுக் கட்டியிருந்தன. மனுவில் ஒவ்வொரு கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி. ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர், பக்கத்துத் தெரு வாத்தியார், அத்தை மகன் என்று யார் கிடைத்தார்களோ அவர்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார். அதில் இரண்டு என் கையெழுத்து. எட்டாவது படிக்கும்போது அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. 'பணிந்து' என்ற சொல்லை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

நகல்களின் பின்பக்கம்தான் என்னை உட்கார வைத்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலில் அப்பாவின் குறிப்பு. தேதி, பஸ் சார்ஜ், டீ, ஸ்டாம்ப். அதற்குக் கீழே 'கூலி இல்லை' என்று ஒரு வரி. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்று அர்த்தம். சில இடங்களில் 'ஆள் இல்லை', 'ஜமாபந்தியில் வரச் சொன்னார்', 'பழைய ரிஜிஸ்டர் இல்லை என்றார்'. 24 வருஷத்தில் 31 மனு. ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு மூன்று நடை என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு தினக்கூலிக் கொத்தனாருக்கு அது எவ்வளவு என்று பையனே மொபைலில் கணக்குப் போட்டான். போட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பையில் இருந்ததையெல்லாம் வருஷ வரிசையில் அடுக்க ஆரம்பித்தான்.

நிலம் திரும்ப வரவில்லை. இப்போது அதில் மனை பிரித்து வெள்ளைக் கல் நட்டிருக்கிறது.

'பழைய ரிஜிஸ்டர் இல்லை' என்பது பற்றி ஒரு வார்த்தை. 1980-இல் கர்ணம், மணியக்காரர் போன்ற பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டது. 80-களில் யூடிஆர் என்ற திட்டத்தில் நிலப் பதிவேடுகள் மாநிலம் முழுக்கப் புதிதாக எழுதப்பட்டன. அப்போது பல ஊர்களில் பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. என்ற குறிப்பு புதியதில் விட்டுப்போனது என்பது பஞ்சமி நில மீட்புக்காரர்கள் தொடர்ந்து சொல்லும் புகார். என் தொழில் பாஷையில் சொன்னால் டேட்டா மைக்ரேஷனில் ஒரு காலம் விழுந்துவிட்டது. எங்கள் வேலையில் அப்படி ஆனால் பழைய பேக்கப்பை எடுத்து ஒப்பிட்டுச் சரிசெய்வோம். இங்கே பேக்கப் என்பது செட்டில்மெண்ட் காலத்துப் பதிவேடும், இந்த மாதிரித் துணிப்பைகளும்தான்.

ரங்கசாமி

"சினிமாவில் 31 மனுவைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. கோபத்தைக் காட்டலாம், ரத்தத்தைக் காட்டலாம். காத்திருப்பதை எப்படிக் காட்டுவது?

காட்டியிருக்கிறார்கள். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018. மலைக்கும் அடிவாரத்துக்கும் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை, ஒரு துண்டு நிலம். பணம் சேர்க்கிறான், ஏதோ ஒன்று வந்து கெடுக்கிறது, மறுபடியும் சேர்க்கிறான். அவன் யாரையும் பறந்து பறந்து அடிப்பதில்லை. படம் பாதிக்கு மேல் அவன் நடப்பதுதான். கடைசியில், தன்னுடையதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவன் வாட்ச்மேன்.

அந்தக் கடைசிக் காட்சியைச் சிறுசேரியிலிருந்து திருப்போரூர் வரைக்கும் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. நாம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகும் கேட்டில் நிற்கும் பெரியவரிடம் "எந்த ஊர்ணா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ரங்கசாமியை வைத்து என் அப்பாவைப் பார்க்கும்போது, அவரிடம் இல்லாத ஒன்றைத் தேட வேண்டியதில்லை. சிவசாமியை வைத்துப் பார்க்கும்போது என்னையறியாமல் ஒரு அரிவாளைத் தேடுகிறேன். அண்ணன் மகன் "அவ்ளோதானா?" என்று கேட்டதும் அதே தேடல்தான். அது அவன் குற்றம் இல்லை. அந்தக் கேள்வியைப் படம் அவன் கையில் கொடுத்து அனுப்பியது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. 'அசுரன்' பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள். துணிப்பை பீரோவிலிருந்து இறங்கியது சிவசாமியால்தான், ரங்கசாமியால் இல்லை. பஞ்சமி நிலம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் எல்லா டீக்கடைக்கும் கொண்டுபோனதும் அந்தப் படம்தான். 1892-லிருந்து அரசாணைகளாலும் கருத்தரங்குகளாலும் முடியாத காரியம் அது. ஆகவே "இந்தப் படம் சரி, அந்தப் படம் தப்பு" என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ஒரு பாத்திரம் கேள்வியைக் கிளப்பிவிடும். பதிலை அந்தப் பாத்திரத்தின் உருவத்திலேயே எதிர்பார்த்தால், எதிரில் இருக்கும் மனிதர் சொல்வது காதில் விழாது. அவ்வளவுதான் என் வாதம்.

பூமணியின் பையன் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி என்று தோன்றுகிறது. நாவலில் அவனுக்கு விசிலடிக்கும் தருணம் ஒன்றும் கிடையாது. கூடவே நடக்கிறான், கூடவே சாப்பிடுகிறான், அய்யா சொல்வதைச் சொல்கிற வேகத்திலேயே கேட்டுக்கொள்கிறான்.

உங்கள் வீட்டில் பை இருந்தால்

இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய நிலக் காகிதம் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கிஸ்தி ரசீது, பழைய பட்டா, மனு நகல், ஒப்புகை அட்டை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்பக்கத்தை மறக்காதீர்கள். பழைய சர்வே எண்ணையும் இப்போதைய சர்வே எண்ணையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள், பின்னால் தேடுகிறவர்களுக்கு அதுதான் சாவி. நிபந்தனைப் பட்டா என்றோ டி.சி. என்றோ எங்காவது எழுதியிருந்தால், யூடிஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

பெரியவர்களிடம் பேசும்போது "ஏன் எதிர்க்கலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எங்கெல்லாம் போனீங்க, யாரையெல்லாம் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பேச்சு வரும்.

எங்கள் பையில் இருந்த 31 மனுக்களையும் அண்ணன் மகன் ஸ்கேன் செய்து, தேதி, யாருக்கு, என்ன பதில், பின்பக்கக் குறிப்பு என்று ஒரு எக்ஸெல்லில் போட்டிருக்கிறான். பதில் என்ற கட்டத்தில் 26 இடம் காலி. அடுத்த குறிப்பில் மீதி 5 பதில்களைப் பற்றி எழுதுகிறேன். அவற்றில் ஒன்றில் பழைய பதிவேட்டின் எண் இருக்கிறது.